பேத்தி இரண்டாம் முறை கை உயர்த்திய நாள்

அன்புள்ள மகனுக்கு,

முதலில் பிள்ளைகளின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு ஒரு கடிதமும் தொடங்க வராது. உன் தங்கை தேவியின் மூத்தவன் மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடத்துக்கு வந்துவிட்டான். போன மாதம் வந்தபோது என் நாடியைப் பிடித்துப் பார்த்து, "அம்மம்மா, என்ரை இதயத்தைவிட உங்கடை இதயம் ஒழுங்கா ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளின் இளையவள் உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ. பள்ளிக்கூட வாசலில் அவளுடைய பெயரைப் பதாகையில் எழுதிக் கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது நான் அந்தப் பக்கத்து யன்னலோரம்தான் இருப்பேன். அங்கே அமெரிக்காவில் உன் மூத்தவன் கணினி வேலையில் தனக்குக் கீழே பதினைந்து பேரை வைத்திருக்கிறான். உன் கடைக்குட்டி அபி கப்பலில் எஞ்சினியர். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருத்தியின் பேரப்பிள்ளைகள் இவர்கள். எங்கள் ஊர் இறுப்பிட்டியில் எந்த நல்லது கெட்டதுக்குப் போனாலும் யாரும் கேட்காமலே நாலு பேரையும் வரிசையாகச் சொல்லுவேன். அபியைக் கடைசிக்கு வைப்பேன். பெண்பிள்ளை, கப்பல், எஞ்சினியர் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் சனம் வாயைத் திறந்தபடி நிற்கும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோசம்.

இப்போது வாயைத் திறந்தபடி நிற்பது நான். அபி எந்தக் கப்பலில் இருக்கிறாள் என்று நாலு வருடமாக எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், தேவிக்கும் தெரியும். தெரியவந்த நாளிலிருந்து எட்டு நாள் நான் அவளுடைய அழைப்பை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கப்பல் புறப்படுகிறது, அதற்கு முன் அப்பம்மா தன் வாயால் "போட்டு வா" என்று ஒரு சொல் சொல்லவேண்டும் என்று அவள் குரல்பதிவுக்கு மேல் குரல்பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை, பிறகு என்ன நடந்தது என்பதை எழுதத்தான் இந்தக் கொப்பித் தாளை எடுத்தேன். போனில் சொன்னால் நீ நடுவிலே "அம்மா, அம்மா" என்று மறிப்பாய். கடிதத்தை உன்னால் மறிக்க ஏலாது.

நாலு வருடத்துக்கு முன் நீ சொன்னதை எழுத்துப் பிசகாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "அபிக்குக் கப்பலிலை வேலை கிடைச்சிருக்கம்மா. எஞ்சின் பக்கம். நாலு வருச ஒப்பந்தம்." இதில் ஒரு சொல் பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் உன் கெட்டித்தனம். எங்கள் தீவிலிருந்து கப்பலுக்குப் போன ஆண்கள் எத்தனை பேர்! சாமான் கப்பல், எண்ணெய்க் கப்பல் என்று போவார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் பெரிய பெட்டியோடு வந்து இறங்குவார்கள். நான் கண்ட கப்பல் வேலை அதுதான். நீ சொன்ன அடுத்த வெள்ளியே நயினாதீவுக்குப் போய் அம்மாள் கோயில் வாசலில் மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டேன். "நாலு வருடமும் முடிந்து பிள்ளை நல்லபடி கரையேறினால், உன் வாசலில் பொங்கி, வெள்ளியில் ஒரு கப்பல் செய்து வைப்பேன்" என்று நேர்ந்தேன்.

நாலு வருடத்தையும் நாட்காட்டியில் கிழித்துக் கிழித்துத்தான் கடத்தினேன். நாள் நெருங்கியபோது யாழ்ப்பாணத்தில் ஒரு தட்டாரிடம் போய் உள்ளங்கை அளவில் கப்பலுக்குச் சொன்னேன். "என்ன கப்பலம்மா, பாய்மரமோ?" என்று கேட்டார். "இல்லை, சாமான் கப்பல். புகைபோக்கியை மறந்திடாதேங்கோ" என்றேன். தேவி அப்போதே என்னை மறித்துப் பார்த்தாள். "அவள் வந்து இறங்கட்டுமே அம்மா, பிறகு பொங்குவம்" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். நான் கேட்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் முடிந்ததுதானே, அம்மாளைக் காக்க வைக்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். மகனே, என் முதல் பிழை இதுதான். நேர்த்தியைக் காரியம் முடிந்த பிறகுதான் செலுத்தவேண்டும். பிள்ளையின் கால் நிலத்தில் பட்ட பிறகு செலுத்தவேண்டும். நான் நாட்காட்டியைப் பார்த்துச் செலுத்தினேன். எழுபது வருடமாக நேர்த்தி வைக்கிறவள், பெருமையில் கண் தெரியாமல் போனேன்.

அன்று காலை பத்துப் பெண்கள் பானை, அரிசி, பயறு, சர்க்கரை எல்லாம் சுமந்துகொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனோம். தேவியோடு பக்கத்து வீட்டுப் பவளமும் வந்தாள். அவளுடைய வாயை உனக்குத் தெரியும். துறையில் வழமைபோல நேவிப் பொடியன் ஒருத்தன் நின்று, வயதானவர்களைக் கைகொடுத்துப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தக் கையை நான் ஒருநாளும் பிடித்ததில்லை. கயிற்றைப் பிடித்துத்தான் ஏறுவேன். காரணத்தை உனக்கு விளக்கத் தேவையில்லை. போர்க் காலத்தில் நேவி இறங்கியபோது வீட்டையும் கிணற்றையும் விட்டுவிட்டு நாங்கள் ஓடியதும், திரும்பி வந்தபோது சொந்தப் படலைக்குப் போக யாரைக் கேட்கவேண்டியிருந்தது என்பதும் நீ அறிந்தது. அன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைப் பிடித்து ஏறினேன்.

வெள்ளிக் கப்பலை ஐயரிடம் தட்டத்தில் கொடுத்து, அவர் அதை உள்ளே கொண்டுபோன பிறகு வெளி வீதியில் கல்லு வைத்துப் பொங்கத் தொடங்கினோம். பால் பொங்கி வழிந்த நேரம் என் போனில் சத்தம் கேட்டது. அபியிடமிருந்து வீடியோ. மூக்குக்கண்ணாடி பையில் கிடந்ததால் போனைப் பவளத்திடம் கொடுத்து, "திறந்து காட்டடி, பிள்ளை கரையேறின சந்தோசத்திலை அனுப்பியிருக்கிறாள்" என்றேன். பத்துத் தலையும் அந்தச் சின்னக் கண்ணாடிக்கு மேல் குனிந்தன.

வெள்ளைச் சட்டை. வெள்ளைக் காற்சட்டை. வெள்ளைத் தொப்பி. நெஞ்சில் நிறம் நிறமாய் நாடா. அவளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல், மதில் மாதிரி நின்றது. அபி வலக்கையைத் தோளுக்கு மேலே உயர்த்தியபடி யாரோ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். தேவியைத் தவிர எங்கள் பெண்களில் ஒருவருக்கும் அந்த இங்கிலீசு விளங்காது. ஆனால் அந்த உடுப்பு எங்கள் எல்லோருக்கும் விளங்கும்.

"அக்கா..." என்றாள் பவளம். "இது நேவியெல்லோ?"

"போடி விசரி. கப்பல்காரர் எல்லாரும் வெள்ளைதான் போடுறவை."

"அப்ப உந்த முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிக்கிறது என்ன? உங்கடை புகைபோக்கியோ?"

நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினேன். அது பீரங்கி. பிறகு அபி எங்கள் பக்கம் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, தன் உடைந்த தமிழில் சொன்னாள்: "அப்பம்மா, பாத்தீங்களா? எனக்கு முடிஞ்சுது, ஆனா நான் திருப்பி சைன் வைச்சிட்டன்! இன்னும் நாலு வருசம். அப்பாவுக்கும் பேப்பர் குடுத்தவை!" அவளுக்குப் பக்கத்தில் நீ நின்றாய். கோட்டும் கழுத்துப்பட்டியும். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள். மருமகளின் கையில் பூங்கொத்து. நீ அழுதுகொண்டு சிரித்தாய்.

முதலில் பவளம்தான் பேசினாள். "நாலு வருசமா எங்களுக்குச் சாமான் கப்பல் காட்டினியள் அக்கா. துறையிலை நிக்கிறவையைக் கண்டா முகத்தைத் திருப்புவியள். உங்கடை வீட்டிலையே ஒண்டை வளத்து அனுப்பியிருக்கிறியள். சொல்லியிருந்தா நாங்களும் ஒரு மாலை கொண்டு வந்திருப்பம்."

நான் மதிலோடு சாய்ந்து இருந்துவிட்டேன். தேவி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் மிச்சமும் விளங்கிவிட்டது.

"உனக்குத் தெரியும்," என்றேன்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. அண்ணை சத்தியம் வாங்கினவர். 'அம்மா தாங்கமாட்டா' எண்டு சொன்னவர்."

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியாதெண்டு?"

"இல்லையம்மா. அவள் உங்களுக்கு எல்லாம் தெரியும், நீங்கள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுறியள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறாள்."

பொங்கல் அடிப்பிடித்த மணம் வந்தது. அதைக் கிண்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகனே, அன்று எனக்கு வந்த அதிர்ச்சி ஒன்றல்ல. பேத்தி போட்ட உடுப்பு ஒரு அதிர்ச்சி. போகலாம் என்று விட்ட பிறகும் தானாகத் திரும்பிப் போனது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது, திரும்பிவரும் படகில் நடுக்கடலில் வைத்து வந்த நினைவு. நேர்த்தி முடிந்துவிட்டது. கப்பலைக் கொடுத்தாயிற்று, பொங்கியாயிற்று. நான் அம்மாளிடம் கேட்டதைக் கேட்டபடி வாங்கி, கணக்கை மூடிவிட்டேன். இனி நாலு வருடம் அந்தப் பிள்ளை கடலில் யாருடைய பொறுப்பில் நிற்கப்போகிறாள்? வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கடலைப் பார்க்க எனக்குப் பயம் வந்தது. தண்ணீர் அசையாமல்தான் கிடந்தது.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தினேன். அழைப்பு வரும், எடுக்கமாட்டேன். நீ எடுத்தாய், உன்னையும் எடுக்கவில்லை. ஆனால் அந்த வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாலாம் நாள் தேவியைக் கூப்பிட்டு, "நீ இங்கிலீசு படிப்பிக்கிறனி, ஒரு சொல்லும் விடாமல் சொல்லு" என்றேன். அவள் கட்டிலில் என் பக்கத்தில் இருந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்த அதிகாரி, நரைத்த தலைமயிரோடு நிற்கிற அந்தப் பெண், முதலில் அபியிடம் ஒரு தாளைக் கொடுக்கிறா. "உன்ரை நாலு வருசமும் முடிஞ்சுது. இது உன்ரை விடுதலைப் பத்திரம். நீ இப்ப எங்கடை ஆள் இல்லை. இதோடை வீட்டை போகலாம், ஒருத்தரும் மறிக்கமாட்டம்" என்று சொல்லுறாவாம். சொல்லிவிட்டு எல்லோரும் சும்மா நிற்கிறார்கள். அது அவர்களின் வழக்கமாம். திரும்பச் சேருகிற ஒவ்வொருவரையும் முதலில் விட்டுவிடுவார்களாம், கொஞ்ச நேரத்துக்கு.

அந்த இடத்தைத் தேவியை மறுபடி மறுபடி போடச் சொன்னேன். அபி தாளைப் பார்க்கிறாள். தோள் இறங்குகிறது. ஒரு காகமோ கடற்புறாவோ தூரத்தில் கத்துகிறது. பின்னால் வாசல் திறந்தபடி கிடக்கிறது. யாரும் அவளைப் பிடிக்கவில்லை, யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் தாளை மடித்துப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு, தானே கையைத் தூக்குகிறாள். பிறகுதான் உங்களைக் கூப்பிட்டு, பூவும் தாளும் தந்து, "இந்தப் பிள்ளையை எங்களோடு இன்னும் விட்டுவைப்பதற்கு உங்களுக்கு நன்றி" என்று சபை முன்னால் வாசிக்கிறார்கள். நான் திகைத்துப்போனேன். திரும்பப் போகிறேன் என்று ஒருத்தி சொன்னதற்குச் சபை கூட்டுகிறார்கள், பெற்றவர்களுக்குக் கதிரை போடுகிறார்கள், பூக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் திரும்பப் போகிறேன் என்று சொன்ன ஒரு மனிதருக்கு நான் என்ன கொடுத்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். இதை உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

உன் ஐயாவுக்குத் தெற்கே ஒரு சிங்கள ஊரில் கடை இருந்தது உனக்குத் தெரியும். வருடத்தில் இரண்டு தரம் வருவார். அந்தப் பெரிய கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த சாரத்தோடும் ஒரு சட்டையோடும் வந்து சேர்ந்தார். மூன்று மாதம் வீட்டில் இருந்தார். தோட்டத்துக்கு இறைத்தார், வேலி அடைத்தார். நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். கடை எரிந்தது நல்லதுக்குத்தான் என்றுகூட ஒருநாள் நினைத்தேன், அம்மாள் என்னை மன்னிக்கவேண்டும். மூன்றாம் மாத முடிவில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் திரும்பப் போகப்போறன்" என்றார்.

"அங்கை என்ன கிடக்கு, சாம்பலுக்கோ போறியள்?" என்றேன்.

"என்னை மறைச்சு வைச்ச சனம் அங்கை கிடக்கு. கடையைத் திறப்பன் எண்டு அவையள் பாத்துக்கொண்டிருப்பினம்."

"உங்களை ஆர் வரச்சொன்னது? ஒருத்தரும் கேக்கேல்லையே."

"கேக்கேல்லை. அதாலைதான் போறன்."

எனக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள விருப்பமும் இல்லை. அவர் போன நாளன்று நான் கட்டுச்சோறு கட்டவில்லை. நிறைகுடம் வைக்கவில்லை. வழியனுப்ப எதிரே வந்து நிற்கவேண்டியவள், குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தேங்காய் துருவினேன். அவர் படலையில் நின்று, "போட்டு வாறன்" என்று இரண்டு முறை சொன்னார். துருவுபலகைச் சத்தத்தைக் கூட்டினேன். பஸ் வந்தது, போய்விட்டார். அதுதான் அவருடைய குரலை நான் கேட்ட கடைசித் தடவை. பார்க்கவும் இல்லை, கேட்டதோடு சரி.

அடுத்த வருடம் தந்தி வந்தது. கடையில் வைத்தே நெஞ்சுவலி. இங்கே கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே எரித்தார்கள், உன் மாமா போய்ச் சாம்பலோடு வந்தார். அப்போது உனக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆறு நாள் இருந்தது. நீ கெட்டிக்காரன், நீ படித்து மேலே வரவேண்டும். நான் ஊரையெல்லாம் கும்பிட்டு வாயை மூட வைத்தேன். ஆறு நாளும் நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் உனக்குப் புட்டு அவித்துத் தந்தேன். பரீட்சை எழுதிவிட்டு ஓடிவந்து, "அம்மா, நல்லாச் செய்தனான், ஐயாவுக்கு எழுதட்டோ?" என்று நீ கேட்டாய். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இல்லை. உன் முகம் மட்டும்தான் ஞாபகம். நீ பாஸ் பண்ணினாய். ஆனால் அதற்குப் பிறகு கனகாலம் நான் என்ன சொன்னாலும் ஒரு கணம் என் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாய்.

அப்போது அதை நான் அன்பு என்று நினைத்தேன். "அம்மா தாங்கமாட்டா" என்று நீ சொன்னதும் அதே அன்புதான். மறைக்கிற பழக்கத்தை நீ வேறெங்கும் படிக்கவில்லை, என் குசினியில் படித்தாய். ஆகவே உன்னைத் திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டேன், முழுவதும் மூடவில்லை, அரைவாசி. ஒரு புத்தி மட்டும் சொல்கிறேன், கேள். ஒருவர் தாங்கமாட்டார் என்று நாங்கள் ஒளித்தால், பிறகு அவர் தாங்கவேண்டியது இரண்டாகிறது. சங்கதியையும் தாங்கவேண்டும், ஒளித்ததையும் தாங்கவேண்டும். அபி நாளைக்கு உன்னிடம் எதையாவது சொன்னால் அதை என்னிடம் அப்படியே சொல். நான் விழுந்தால் விழுகிறேன். பிடிக்கத் தேவி நிற்கிறாள்.

ஒன்பதாம் நாள் காலை, தேவி பள்ளிக்கூடம் போக முன்னம், போன் அடித்தது. எடுத்தேன்.

"அப்பம்மா! எடுத்திட்டீங்கள்!" என்று கத்தினாள். "சுகமில்லையோ? நான் பயந்திட்டன்."

சுகமாக இருக்கிறேன் என்றோ, கோபம் என்றோ நான் சொல்லவில்லை. நெஞ்சில் கிடந்ததைத்தான் கேட்டேன். "உன்ரை கப்பலிலை வெடி இருக்கோ?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். "இருக்கு அப்பம்மா."

"பெரிசோ?"

"பெரிசு."

நாலு வருடம் நீ சொல்லாததை அவள் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் வருவதற்குப் பதிலாக மூச்சு வந்தது.

"நீ அதைத் தொடுறனியோ?"

"இல்லை. நான் தண்ணி."

"தண்ணி எண்டா?"

"கடல் தண்ணியை உள்ளை எடுத்து, உப்பை எடுத்திட்டு, குடிக்கிற தண்ணி ஆக்கிற மெஷின். அது என்ரை வேலை. முந்நூறு பேர் குடிக்கினம், சமைக்கினம், குளிக்கினம்." பிறகு அவளாகவே சொன்னாள்: "ஆனா அப்பம்மா, நான் தண்ணி குடுக்காட்டி, வெடி வைக்கிற ஆக்களும் அங்கை நிக்க ஏலாது. அது எனக்குத் தெரியும். நீங்கள் கேக்க முதல் நான் சொல்லுறன்."

மகனே, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றது படிப்பு ஏறாததால் அல்ல. எங்கள் வீட்டுக் கிணறு உவர். நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குக் குடத்தோடு போய்வர அரை நாள் போகும். அம்மாவுக்கு இடுப்பு ஏலாமல் போக, வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டும், என்னைப் பள்ளியால் நிற்பாட்டிக் குடத்தைத் தந்தார்கள். இன்றைக்கும் தண்ணீர்ப் பவுசர் லொறி வருகிற சத்தம் கேட்டால் நான் வாளியோடு முதல் ஆளாய் நிற்பேன். கடல் சுற்றிவரக் கிடக்கும், குடிக்க ஒரு வாய் இல்லாத தீவு. என் பேத்தி அந்தக் கடலையே குடிக்கத் தருகிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். பீரங்கியைப் பார்த்தபோது திறந்த வாய் வேறு, இது வேறு.

"சரி, விட்டிட்டு வா எண்டு தாளும் தந்தவை. ஏன் திருப்பிக் கையைத் தூக்கினனி? ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருக்கா நடுக்கடலிலை மெஷின் நிண்டிட்டுது. எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவை. நான் திருத்தினன். இப்ப எனக்குக் கீழை ஆறு புதுப் பிள்ளைகள், இன்னும் படிக்கேல்லை. எனக்கு அங்கை நிக்க விருப்பம் அப்பம்மா." பிறகு குரல் சின்னதாகியது. "உங்களுக்குக் கோவமோ?"

"கோவம்தான். உந்த உடுப்பை இஞ்சை நாங்கள் கண்டது வேறை மாதிரி. அதை நான் மறக்கமாட்டன். நீயும் என்னட்டைக் கேளாதை."

"கேக்கமாட்டன்."

"ஆனா நீ பொய் சொல்லேல்லை."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "தேவி மாமி சொன்னவா, நேர்த்தி முடிஞ்சுதாம். அப்ப இப்ப எனக்கு நேர்த்தி இல்லையோ? நீங்களும் திருப்பி சைன் வையுங்கோவன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு நாளுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. சிரித்த வாயோடேயே அந்தச் சொல்லும் வந்தது. "போட்டு வா மோனை. வழுக்கிற இடத்திலை ஓடித் திரியாதை. வடிவாப் போட்டு வா." மூன்று தரம் சொன்னேன். ஒன்று அவளுக்கு. மற்ற இரண்டும் வேறு ஒருவருக்குப் படலையில் வைத்துக் கொடுக்காமல் விட்டவை.

அடுத்த நாளே நயினாதீவுக்குப் போனேன். இந்த முறை பெண்கள் கூட்டம் இல்லை, நானும் தேவியும்தான். துறையில் அதே பொடியன் கையை நீட்டினான். "அம்மா, பாத்து, பாத்து" என்றான் தமிழில். நான் கையைப் பிடிக்கவில்லை. கயிற்றைத்தான் பிடித்தேன். ஒரு கிழமையில் மாறிவிடுகிற ஆள் நானில்லை. ஆனால் படகில் ஏறி இருந்த பிறகு, ஐயாவிடம் கேட்டுப் பழகிய நாலு சிங்களச் சொல்லில், நேவியில் எத்தனை வருடம் என்று கேட்டேன். பத்து விரலையும் விரித்துக் காட்டினான். பிறகு இரண்டு விரல். அம்மா இருக்கிறாவோ என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினான். அவனுடைய முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. முகப்பரு வடு விழுந்த, வெயிலில் கறுத்த முகம். படகு வெளிக்கிட்ட பிறகும் தேவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கே அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

அம்மாள் வாசலில் மஞ்சள் துணியில் புது முடிச்சுப் போட்டேன். இந்த முறை வருடம் சொல்லவில்லை, திகதி சொல்லவில்லை. அவள் எப்போது வருகிறாளோ அப்போது என்று மட்டும் சொன்னேன். என்ன கப்பல் என்பதையும் உள்ளபடி சொன்னேன். அம்மாளிடம் ஒளிக்க ஏலாது.

இதை எழுதுகிற நேரம் அவளுடைய கப்பல் புறப்பட்டு இரண்டு நாளாகிறது. எனக்குத் திகைப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை, தீரும் என்றும் நினைக்கவில்லை. நேற்றுச் செத்தவீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். பேரப்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு மனிசி கேட்டா. மூன்று பேரையும் வழமைபோலச் சொன்னேன். அபியின் முறை வந்தது. பவளம் எதிரே இருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். "கடைக்குட்டி அமெரிக்காவிலை நேவியிலை. தண்ணி எஞ்சினியர். விடுறம் எண்டு சொல்லியும் தானாத் திரும்பப் போனவள்" என்றேன். என் குரல் நடுங்கியது என்று தேவி பிறகு சொன்னாள். நடுங்கட்டும். சொன்னேன்தானே.

இனி உன்னிடம் ஒரு காரியம். கப்பல் அடுத்த துறையில் நிற்கும்போது, அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, வேலை உடுப்போடு, எண்ணெய்க் கையோடு புதிதாக ஒரு படம் எடுக்கச் சொல்லு. விழாவில் எடுத்த படம் எனக்கு வேண்டாம். அதில் நீயும் நிற்கிறாய், உன்னோடு எனக்குக் கோபம் இன்னும் முடியவில்லை. போனில் அனுப்பினால் ஏற்கமாட்டேன். தாளில் அடித்து, மடங்காமல் மட்டை வைத்து, தபாலில் போடு. கோபம் முடிந்த பிறகு உன் படத்தைக் கேட்டு நானே எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா